ஃபினெஸ்ட்ரே ஏறி அஸ்ஸியெட்டா முகட்டில் ஓட்டுவது எப்படி: ஆல்ப்ஸில் ஒரு முழு கிராவல் நாள்

ஆல்ப்ஸில் கிராவல் சைக்கிள் (மண்ணிலும் சரளையிலும் ஓட்ட ஏற்ற, அகல டயர் சைக்கிள்) ஓட்டப் போகிறேன் என்றால் உடனே வரும் கேள்வி, "கால்ல அவ்வளவு தெம்பு இருக்கா?" என்பதுதான். தெம்பு வேண்டும்தான். ஆனால் நான் பார்த்த வரை அந்த மலையில் ஆளைக் கவிழ்ப்பது கடிகாரம். பகல் 1 மணிக்கு எந்த உயரத்தில் நிற்கிறீர்கள், கீழே இறங்கும் வழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அன்றைய நாள் நல்லபடியாக முடியும் அல்லது முடியாது. கியர், டயர், சாப்பாடு, உடை என்று கீழே சொல்லப்போகும் எல்லாமே கடைசியில் இந்த ஒரு கணக்கில் போய்த்தான் சேரும்.

பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் வடமேற்கில், டூரின் நகரத்துக்கு மேற்கே உள்ள சூசா என்ற சிற்றூரில் தொடங்கி, கொல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே கணவாய் ஏறி, அங்கிருந்து அஸ்ஸியெட்டா முகட்டுச் சாலையில் செஸ்ட்ரியேரே வரை. சூசா கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். ஃபினெஸ்ட்ரே கணவாய் 2,178 மீட்டர். இடையில் 18.5 கிலோமீட்டர், சராசரி ஏற்றம் 9 சதவீதத்துக்குச் சற்று மேல். கடைசி 8 கிலோமீட்டர் மண் சாலை. கணவாய்க்கு அந்தப் பக்கம் தார்ச் சாலையில் கொஞ்ச தூரம் இறங்கினால் பியான் டெல்'ஆல்பே என்ற புல்வெளி வரும். அங்கே வலது பக்கம் பிரிவதுதான் அஸ்ஸியெட்டா சாலை. செஸ்ட்ரியேரே வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் கல்லும் மண்ணும்தான், பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேலே. மொத்த ஏற்றம் 2,500 மீட்டரைத் தொட்டுவிடும்.

இப்படி முகட்டின் மேலேயே சாலை போட யாருக்குத் தோன்றும் என்றால், ராணுவத்துக்கு. பிரான்ஸ் எல்லையைக் காக்க இத்தாலியர்கள் பீரங்கி இழுத்துப்போகப் போட்ட வழிகள் இவை. அஸ்ஸியெட்டாவில் 1747 ஜூலை 19 அன்று பெரிய சண்டையே நடந்தது. மேலேறி வந்த பிரெஞ்சுப் படையை, இந்த வட்டாரத்தை அப்போது ஆண்ட பியட்மாண்ட் அரசின் படை முகட்டில் நின்றே சிதறடித்தது, பிரெஞ்சுத் தளபதி பெல்-இல் அங்கேயே மாண்டார். பீரங்கி இழுக்கும் கோவேறு கழுதைக்கு ஏற்ற சாய்வு என்பதால் முகட்டுச் சாலை பெரும்பாலும் சைக்கிளுக்கும் ஒத்துவருகிறது. ஃபினெஸ்ட்ரே மட்டும் யாருக்கும் கருணை காட்டாத ரகம்.

முதலில் கியர்

இதில் கஞ்சத்தனம் வேண்டாம். என் முதல் பயணத்தில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 40 பல், பின்னால் இருப்பவற்றில் பெரியதில் 42 பல். கடைக்காரர் "தாராளமாகப் போதும்" என்றார். அவருக்குப் போதுமாக இருக்கலாம். 9 சதவீத மண் ஏற்றத்தில் சாதாரண ஆள் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில்தான் போவார். அந்த வேகத்தில், அந்தக் கியரில், பெடல் நிமிடத்துக்கு 48 முறைதான் சுற்றும். மூன்று மணி நேரம் அப்படி அரைத்தால் முழங்கால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதே வேகத்தில் முன்னால் 30, பின்னால் 42 என்றால் 64 சுற்று கிடைக்கும். 40-க்கு 52 பல் மவுண்டன் பைக் காசெட் (பின்பல் அடுக்கு) போட்டாலும் 59 கிடைக்கும். ஆகவே முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால் 0.8-க்குக் கீழே வரவேண்டும் என்பது என் விதி. தார்ச் சாலையில் இது அதிகப்படி போலத் தெரியும். தெரியட்டும். மண்ணில் எழுந்து நின்று மிதிக்க முடியாது என்பதை மறக்காதீர்கள். சீட்டிலிருந்து எழுந்ததும் பின்சக்கரத்தின் மேல் இருந்த எடை போய்விடும், சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றும். உட்கார்ந்தபடியே சுற்ற வேண்டும் என்றால் சின்ன கியர் இல்லாமல் கதை நடக்காது.

டயர் அகலம் 45 மில்லிமீட்டர், ஃபிரேமில் இடம் இருந்தால் 50. ஃபினெஸ்ட்ரே மண் பகுதியை மட்டும் பார்த்தால் 35-ஐ வைத்தே சமாளித்துவிடலாம், அங்கே மண் ஓரளவு இறுகியிருக்கும். அஸ்ஸியெட்டாதான் வில்லங்கம், முஷ்டி அளவு கற்கள், ஜீப் ஓடிய பள்ளங்கள், மழைநீர் அரித்த கோடுகள். டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்) கட்டாயம், சின்ன ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் புதிதாக ஊற்றியிருக்க வேண்டும். 75 கிலோ ஆளுக்கு 45 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 26, பின்னால் 29 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கிப் பாருங்கள். ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு ஏற்றுங்கள், கை அதிர்ந்து மரத்துப்போனால் இரண்டு இறக்குங்கள். பையில் டயர் ஓட்டையில் செருகி அடைக்கும் பிளக், ஒரு டியூப், பம்ப், டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு துண்டு பழைய டயர், செயினுக்கு இணைப்பு வளையம், உங்கள் ஃபிரேமுக்குப் பொருந்தும் டெரெய்லர் ஹேங்கர் (பின்னால் கியர் மாற்றும் கருவியை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சின்னத் துண்டு). கடைசியில் சொன்னது ஐம்பது கிராம்கூட இல்லை, ஆனால் முகட்டில் அது உடைந்தால் எந்தக் கடையிலும் உடனே கிடைக்காது, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம்.

பிரேக் பேட் கிளம்பும் முன் கழற்றிப் பாருங்கள். ரெசின் பேட் மழையும் மண்ணும் சேர்ந்தால் ஒரே நாளில் தேய்ந்து தகடு தெரியும். உங்கள் ரோட்டர் (பேட் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தகடு) தாங்கும் வகை என்றால் உலோகக் கலவை பேட் போடுங்கள், கொஞ்சம் கத்தும், ஆனால் சாயங்காலம் வரை இருக்கும்.

எப்போது போவது

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. அதற்கு முன்னால் முகட்டில் பனி கிடக்கும், குறிப்பாக வடக்கு பார்த்த மடிப்புகளில். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதன், சனிக்கிழமைகளில் பகல் நேரத்தில் அஸ்ஸியெட்டா சாலையில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை விதிப்பது பல வருட வழக்கம்; அந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டு அந்த இரண்டு நாட்களில் ஒன்றைப் பிடியுங்கள். மற்ற நாட்களில் போனால் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் கிளப்பும் புழுதியைத்தான் சாப்பிட வேண்டும். சனிக்கிழமையைவிடப் புதன் அமைதி.

முந்தின நாளே டூரினிலிருந்து ரயிலில் சூசா போய்த் தங்கிவிடுங்கள். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். காலை உணவு 7.30-க்குத்தான் என்று விடுதியில் சொல்வார்கள். அந்த உணவை மறந்துவிடுங்கள். நான் முதல் தடவை அந்த கிருவாசான், காபிக்கு ஆசைப்பட்டு 8.30-க்குக் கிளம்பினேன். முகட்டின் நடுவில் இருக்கும்போது ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை, இருந்தாலும் இடி இடிக்கும்போது மரத்தடிக்குப் போகவும் கூடாது. விரல் மரத்து பிரேக் லீவரை இழுக்க முடியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நாலு கிலோமீட்டர் நடந்தேன். காபி நன்றாகத்தான் இருந்தது.

கோடைக்காலத்தில் ஆல்ப்ஸில் காலை வெயில் பள்ளத்தாக்கைச் சூடாக்கும், சூடான ஈரக்காற்று மேலே ஏறும், மதியத்துக்கு மேல் அது முகட்டின் மீது மேகமாகக் குவிந்து இடியாக வெடிக்கும். எல்லா நாளும் நடக்காது, ஆனால் எந்த நாளும் நடக்கலாம். வானிலை அறிக்கையில் மதியம் மழை வாய்ப்பு கொஞ்சமாகத்தான் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். அதனால் என் கால அட்டவணை இதுதான்: 5.30-க்குச் சூசாவில் பெடல் மிதிக்க ஆரம்பிப்பது, 9 மணிக்குள் ஃபினெஸ்ட்ரே உச்சி, 9.30-க்கு பியான் டெல்'ஆல்பே, 11.30-க்கு 2,472 மீட்டரில் இருக்கும் அஸ்ஸியெட்டா கணவாய், 2 மணிக்குள் செஸ்ட்ரியேரே. பியான் டெல்'ஆல்பே பிரிவில் மணி 10.30 தாண்டிவிட்டதா, மேற்கே மேகம் காலிஃபிளவர் மாதிரி பொங்க ஆரம்பித்துவிட்டதா, பேசாமல் இடது பக்கம் தார்ச் சாலையிலேயே கிசோனே பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். கீழே ஃபெனெஸ்ட்ரெல்லே கோட்டையைப் பார்க்கலாம், மலைச்சரிவில் மூடிய படிக்கட்டாகவே சுமார் 4,000 படிகள் உள்ள கோட்டை. செஸ்ட்ரியேரேவுக்கு அங்கிருந்து தார்ச் சாலையும் உண்டு. திரும்பிப் போகிறோமே என்ற வருத்தம் மறுநாள் காலையில் போய்விடும்.

ஃபினெஸ்ட்ரே

ஃபினெஸ்ட்ரே என்றால் ஜன்னல்கள். ஏறும்போது பெரும்பகுதி காட்சி எதுவும் கிடைக்காது, மரம்தான். மெயானா ஊரைத் தாண்டும்போதே 14 சதவீதம் வரை ஒரு செங்குத்து வரும், அங்கே உடம்பு இன்னும் சூடாகியிருக்காது, யாரோ முந்துகிறார் என்று நீங்களும் அழுத்தினீர்கள் என்றால் அன்றைய மதியத்தை அங்கேயே செலவழித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பக்கத்தில் ஒருவர் வந்தால் அவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவு மூச்சு இருக்க வேண்டும். அப்புறம் காட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் நாற்பதுக்கு மேல். எண்ணாதீர்கள். வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், வெளிப்பக்கம் கொஞ்சம் சமதளமாக இருக்கும். வண்டி வரவில்லை என்று தெரிந்தால் வெளிப்பக்கமாகவே போய் இரண்டு மூச்சு ஓய்வு எடுத்துக்கொள்ளலாம். மண் சாலையிலும் அதேதான், உள்பக்கம் சக்கரங்கள் திருகித் திருகி மண்ணைத் தளர்த்தி வைத்திருக்கும்.

இந்த ஏற்றத்துக்கு ஒரு கதை உண்டு, சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். இத்தாலியின் மூன்று வாரப் பெரிய பந்தயமான ஜிரோ டி'இத்தாலியா 2005-ல்தான் முதன்முதலாக இங்கே ஏறியது. 2018-ல் சைமன் யேட்ஸ் முதலிடத்துக்கான பிங்க் ஜெர்சியோடு வந்து இந்த ஏற்றத்தில் நொறுங்கிப்போனார், அன்றைக்கு அரை மணி நேரத்துக்கும் மேல் இழந்தார். அதே நாளில் கிறிஸ் ஃப்ரூம் இந்த மண்ணில் தனியாகப் பிய்த்துக்கொண்டு போய் 80 கிலோமீட்டர் ஒற்றையாக ஓட்டி ஜெயித்தார். ஏழு வருடம் கழித்து, 2025-ல், அதே யேட்ஸ் அதே ஃபினெஸ்ட்ரேவில் திடீரென வேகமெடுத்துப் பிரிந்து ஜெர்சியை எடுத்து ஜிரோவையே வென்றார். இதில் நமக்கு உதவும் செய்தி ஒன்று இருக்கிறது: ஃப்ரூம் போன அன்று அவர் அணியின் ஆட்கள் ஏற்றத்தில் ஆங்காங்கே நின்று சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள், அதை முன்னாடியே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். நமக்கு யாரும் நிற்க மாட்டார்கள். அதனால் அந்தக் கணக்கை நாமே போட வேண்டும்.

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, பசி வரும் வரை காத்திருக்காமல். கைக்கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துக்கொள்கிறேன், அடித்தால் ஒரு கடி. பாக்கெட்டில் வரும் எனர்ஜி ஜெல் எனக்கு மூன்றாவதுக்கு மேல் குமட்டும். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்புப் போட்ட ஃபொக்காச்சா ரொட்டி என்று கலந்து வைத்துக்கொள்வேன். வெயிலில் உருகாத தின்பண்டம் என்பதால் கடலை மிட்டாயை எந்த வெளிநாட்டு எனர்ஜி பாரும் நெருங்க முடியாது என்பது என் தாழ்மையான கருத்து. தண்ணீர் இரண்டு லிட்டருக்குக் குறையாமல். முகட்டில் ஓடும் ஓடை கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் அதற்கு மேலே நூறு மாடு மேய்ந்துகொண்டிருக்கும், வடிகட்டாமல் குடிக்காதீர்கள். அஸ்ஸியெட்டா கணவாய்க்குப் பக்கத்தில் கோடையில் திறக்கும் ஒரு மலைவிடுதி இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுவிட்டு, மூடியிருந்தாலும் பிழைக்கிற மாதிரி போங்கள்.

முகட்டில்

பியான் டெல்'ஆல்பேயில் மறுபடி ஏற ஆரம்பிக்கும்போது கால் கெஞ்சும். இங்கேதான் பலரும் பயந்துபோய் வேகம் எடுக்கிறார்கள், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று. 2,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட நாலில் ஒரு பங்கு குறைவு. கீழே எளிதாக இருந்த அதே அழுத்து இங்கே மூச்சு வாங்க வைக்கும். இதயத் துடிப்பைப் பார்த்து ஓட்டுங்கள், வேகத்தைப் பார்க்காதீர்கள். அஸ்ஸியெட்டா கணவாய் தாண்டினதும் எல்லாம் இறக்கம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். லௌசோன் கணவாய் அதைவிடக் கொஞ்சம் உயரம், அப்புறம் பிளெஜியே, கோஸ்தா பியானா, பூர்ஜே, பாஸே என்று ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஒவ்வொன்றும் சின்னதுதான், ஆனால் ஐந்தாவது சின்னது பெரிதாகிவிடும்.

ஆட்டுமந்தை வந்தால் கவனம். 1990-களிலிருந்து இந்தப் பக்க ஆல்ப்ஸுக்கு ஓநாய் தானாகவே திரும்பி வந்துவிட்டது, அதனால் மேய்ப்பர்கள் பெரிய வெள்ளைக் காவல்நாய்களை மந்தையோடு விடுகிறார்கள். அவை ஆட்டோடு ஆடாகப் படுத்திருக்கும், கிட்டே போகும் வரை தெரியாது. வேகமாக வரும் சைக்கிள் அவற்றுக்கு ஓநாய் மாதிரிதான். தூரத்திலேயே இறங்கிவிடுங்கள். சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் ஏதாவது பேசிக்கொண்டே, மந்தையைச் சுற்றி நடந்து போங்கள். ஓடாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள், கண்ணை முறைத்துப் பார்க்காதீர்கள். தமிழில் பேசினாலும் புரிந்துகொள்கின்றன, நான் "சரிடா ராஜா, போயிடறேன்" என்றுதான் சொல்வேன்.

இடி கேட்டால் மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையில் நொடிகளை எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் வந்துவிட்டால் முகட்டை விட்டுப் பக்கவாட்டில் எவ்வளவு இறங்க முடியுமோ அவ்வளவு இறங்குங்கள், தனித்து நிற்கும் மரம், கம்பம், நினைவுத்தூண் எதற்கும் பக்கத்தில் வேண்டாம். அவசரம் என்றால் எண் 112. எல்லா மடிப்பிலும் செல்போன் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். சூசாவில் 30 டிகிரி என்றால் மேலே 17. அதில் வியர்வையில் நனைந்த சட்டையோடு காற்றில் இறங்கினால் பல் தந்தி அடிக்கும். உச்சியில் நின்று போட்டோ எடுக்கும் முன்னாலேயே காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள், குளிர ஆரம்பித்த பிறகு போட்டால் பாதிதான் வேலை செய்யும். முழுவிரல் கையுறை ஒரு ஜோடி, வெயில் காலமாக இருந்தாலும்.

இறங்குவது

கை ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பிடியில், ஒன்றிரண்டு விரல் லீவர் மேல், முழங்கை மடங்கி, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், இடுப்பு சீட்டை விட்டுச் சற்றே பின்னால். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு கல்லும் தோளில் வந்து இடிக்கும். தளர்வாகப் பிடித்து சைக்கிளை ஆடவிடுங்கள், அதற்கு வழி தெரியும். கண் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும், தவிர்க்க வேண்டிய கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் அதன் மேலேயே ஏறுவீர்கள். பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னால், நேராக இருக்கும்போதே. வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொட்டால் தளர்ந்த சரளையில் முன்சக்கரம் வழுக்கும், வழுக்கினால் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. விடாமல் லேசாக அழுத்திக்கொண்டே இறங்குவதைவிட, அழுத்தமாகப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிப்பது ரோட்டருக்கு ஆற நேரம் கொடுக்கும்.

சாலைக்குக் குறுக்கே மழைநீர் போக வெட்டிய வாய்க்கால்கள் வரும். செங்குத்தாகக் கடந்தால் ஒன்றுமில்லை, சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும். முன்சக்கரத்தை லேசாகத் தூக்கி எடையை எடுக்கும் பழக்கம் வேண்டும், வீட்டுப் பக்கத்தில் வேகத்தடையில் பழகலாம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று கையை உதறுங்கள். களைப்பான கைதான் விழும் கை.

இதை முடித்துவிட்டு அடுத்தது எது என்றால், பார்தொனேக்கியாவிலிருந்து 3,000 மீட்டரைத் தொடும் சொம்மெய்யே ஏற்றம் இருக்கிறது. பிரான்ஸ் பக்கம் பார்பையோன் கணவாயும் உண்டு, 2,600 மீட்டருக்கு மேலே சுமார் 500 மீட்டர் நீளத்துக்கு விளக்கே இல்லாத, கோடையிலும் தண்ணீரும் சில சமயம் பனிக்கட்டியும் கிடக்கும் சுரங்கத்தோடு. நல்ல விளக்கில்லாமல் அதற்குள் போகாதீர்கள்.

செஸ்ட்ரியேரே வந்ததும் 2,035 மீட்டரில் கடைகள், காபி, மனிதர்கள். உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகு சேசானா வழியாக ஊல்க்ஸ் வரை இருபது சொச்சம் கிலோமீட்டர் தார்ச் சாலை, பெரும்பாலும் இறக்கம், கார்களும் கூட வரும். கிளம்பும் முன் டயரில் ஒரு பத்து பிஎஸ்ஐ ஏற்றிக்கொண்டு, பிரேக் பேடில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, செயினில் ஒட்டிய புழுதியைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஊல்க்ஸ் நிலையத்திலிருந்து டூரினுக்கு ரயில் இருக்கிறது. பயணிகள் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள், சைக்கிளைக் கொஞ்சம் கழுவிவிட்டு ஏறுங்கள்.